தென்றலுக்குச் சாத்திய ஜன்னல்

ஓர் ஊரில் கோபக்காரப் பேனா ஒன்று இருந்தது.

அதற்குக் கோபம் பிறவிக் குணமில்லை. கவிஞர் மாசிலாமணியின் சட்டைப் பையில் குடியேறிய பிறகுதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? குயில் என்று எழுதச் சொன்னார். ஒருநாளும் குயிலைக் காட்டியதில்லை. மல்லிகை என்றார், அது கொடியில் பூக்குமா மரத்தில் பூக்குமா என்றுகூடப் பேனாவுக்குத் தெரியாது. கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி ஒரே ஒரு வரியாவது எழுதிவிட்டுச் சாக வேண்டும் என்று அது தவித்தது. மையோ அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

அது சித்திரை மாதம். மறுநாள் கவியரங்கம். தலைப்பு: தென்றல். சாயங்காலம் கவிஞர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தெற்கு ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வந்து காகிதங்களைப் புரட்டியது.

"சே! எழுத விடுதா பாரு இந்தக் காத்து!"

எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து, 'தென்றலே! உனக்காக என் ஜன்னல் திறந்தே' என்று எழுதினார்.

பேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லோடு நின்றுவிட்டது.

"யோவ்! இப்ப யாரு முகத்துல ஜன்னலைச் சாத்தினேன்னு தெரியுதா உனக்கு?" என்று கத்தியது. அவர் காதில் விழுந்தால்தானே!

வெளியே நின்ற தென்றல், விரிசல் விட்டிருந்த கண்ணாடியைத் தட்டியது. "தெக்கேயிருந்து வர்றேன். வேப்பம்பூ, புழுதி, யாரோ கருவாடு வறுக்கிற வாசம், எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்திருக்கேன். என் பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவாராம், என்னை மட்டும் உள்ள விடமாட்டாராம்!"

கவிஞர் விட்டத்தைப் பார்த்து, "கற்பனையே, வா! நாலு வரி கொடு" என்றார்.

கற்பனை அறை மூலையில் எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்தாள். "வெறும் வயித்துல எங்கேருந்து கொடுக்கிறது?" என்று சீறினாள். "உன் கண்ணும் காதும் கொண்டுவந்து போடுறதுதான் எனக்குச் சாப்பாடு. ஒரு வேப்பம்பூவைக் காட்டு, நட்சத்திரமாக்கித் தர்றேன். அடுத்தவன் பாட்டுல மிஞ்சினதையே எத்தனை நாளைக்கு வழிச்சு நக்கச் சொல்றே?"

கவிஞர் பேனாவை உதறினார். தாளில் வைத்துக் கீறினார். தாள்தான் கிழிந்தது. பேனா பிடிவாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டால் கடைசிச் சொட்டும் பொய்க்கே போய்விடும்.

"சனியன், நீ வேறயா!" என்று அதை ஓங்கி எறிந்தார்.

கனத்த எவர்சில்வர் பேனா. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் கற்பனையும் குதித்து ஓடினாள்.

தென்றல் பேனாவை மெல்ல வருடவில்லை. பிடித்துத் தள்ளியது. 'வருடும் தென்றல், வருடும் தென்றல்' என்று எத்தனை முறை எழுதித் தொலைத்தோம் என்று பேனாவுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. உருண்டுபோய், பக்கத்து வீட்டுப் பாதாம் மரம் உதிர்த்த அகலமான இலை ஒன்றின்மேல் நின்றது.

உதிர்ந்த வேப்பம்பூவை ஒரு கை அள்ளி வாயில் போட்ட கற்பனை முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள்.

"நட்சத்திரம் கசக்குதுடா! எழுது, எழுது!"

பேனா இருந்த மை முழுவதையும் கொட்டி, அந்த இலையில் எழுதியது: 'இந்த மரத்தின் நட்சத்திரங்கள் கசக்கின்றன.'

தன் ஆசை தீர்ந்து அது ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. உள்ளே காற்று புகுந்து மறுபடியும் காகிதங்கள் பறந்துகொண்டிருந்தன. கவிஞர் பல்லைக் கடித்தபடி வந்து, கிழிந்த தாளைக் கசக்கி அந்த ஓட்டையில் திணித்தார்.

வெளியிலிருந்து பார்த்தால், அந்தத் தாளில் ஒரு சொல் மட்டும் தெரிந்தது: 'திறந்தே'.