துரையின் தொப்பி நனைந்த விதம்

பெருமழையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்று அப்படியே புதைந்தது. பங்களா வேலைக்காரன் சடையனின் பெண்டாட்டியும் அதில் போனாள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் தோட்டத்துத் துரை வாய் கூசாமல் சொன்னார்: "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். பங்களாவை விட்டு இறங்கவே இல்லை. மலை வெடிச்சிருக்குன்னு ஒருத்தனும் வந்து சொல்லலை."

பக்கத்தில் சடையன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். துரைக்கு எதிராக அவன் பேச்சு எங்கே எடுபடும்?

வெளியே கிளம்பிய துரை தன் ஃபெல்ட் தொப்பியைக் கேட்டார். விளிம்பு தொய்ந்து, வாடின வாழையிலை மாதிரி தொங்கியது.

"இதை இப்பவே பழையபடி ஆக்கு. இல்லேன்னா தோட்டத்தை விட்டு ஓடிடு!"

"ஆக்கிடலாங்க துரை. சாரல்ல நனைஞ்சதுன்னா ஆவி காட்டி, கட்டையில மாட்டி, பிரஷ் போட்டாப் போதும். பெருமழைன்னா விறைப்பே போயிருக்கும், மறுபடி அரக்கு ஏத்தணும். இது வெறும் சாரல்தானுங்களே?"

"சாரலா? மடையா! மலை வெடிச்சிருக்குன்னு அத்தனை பேரும் கத்தக் கத்த, லயத்து வாசல்ல கொட்டுற மழையில நின்னேன்டா!"

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி மெல்ல நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்தான் துரைக்கு உறைத்தது.

என்ன செய்தார்கள்? துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். போகிற அன்று தொப்பியை வாங்கிவர டிரைவரை அனுப்பினார் துரை.

"எல்லாம் பழையபடி ஆயிடுச்சான்னு துரை கேட்டாரு," என்றான் டிரைவர்.

"தொப்பி ஆயிடுச்சுன்னு சொல்லு," என்றான் சடையன்.