அரியநாச்சி விழுவாரா, மாட்டாரா

நெல்லிக்கோட்டையை ஆண்ட பூவராக மகாராஜாவிடம் பட்டத்து யானையும் இருந்தது, மோட்டார் சைக்கிளும் இருந்தது. ராஜா காலத்தில் ஏது மோட்டார் சைக்கிள் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கதை கேட்க வந்தவருக்குக் காது போதும், கணக்கு எதற்கு?

அந்த ஊரில் ஒரு சட்டம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது. மகாராஜாவே போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் விற்க ஊரிலேயே ஒரே ஒருவர்தான் இருந்தார். பெயர் ஆபத்சகாயம். போட்டி இல்லாத கடையில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒருநாள் காலை மருத்துவச்சி அரியநாச்சி சபைக்கு வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் தளும்பியது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மகாராஜா, மேட்டுப்பட்டியில ஒரு பொண்ணுக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். போன மாசம் அதே ஊருக்கு நடந்து போனேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை பிறந்து, தாய் பாதி உசுராக் கிடந்தா. அதான் கறவை மாட்டை வித்து ஒரு பழைய பைக் வாங்கினேன். ஓட்டவும் பழகிட்டேன். இப்ப இன்ஷூரன்ஸுக்கு இங்க நிக்கிற ஆபத்சகாயம் கேக்கிற காசுக்கு இன்னொரு மாடு விக்கணும். என்கிட்ட இருந்தது ஒண்ணுதான்."

மகாராஜா ஆபத்சகாயத்தைப் பார்த்தார். அவர் கை கட்டிக்கொண்டு, பரிவே உருவாகப் பேசினார்.

"புதுசா ஓட்டறவங்க, மகாராஜா. விழறது நிச்சயம். கை உடையும், கால் உடையும், வண்டி நொறுங்கும். அதோட மதம் பிடிச்ச யானை மிதிச்சா, இடி விழுந்தா, ஆத்து வெள்ளம் அடிச்சுட்டுப் போனா, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பாலிசி. நூத்தைம்பது வராகன். அந்த அம்மா நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மகாராஜா தாடையைச் சொறிந்தார். "சட்டம் என்னோடது, விலை அவரோடது. நான் உத்தரவு போட்டுக் குறைச்சா நாளைக்கு எந்த வியாபாரியும் இங்கே கடை திறக்க மாட்டான்" என்றார். பிறகு கடைசி ஆசனத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மந்திரி நல்லசிவத்தின் பக்கம் திரும்பினார்.

"நல்லசிவம், அவரே மனசாரக் குறைக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலேன்னா அந்த நூத்தைம்பதை நீ கட்டிடு."

நல்லசிவத்துக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. பணம் என்றால் அவருக்கும் உயிர்தான். சட்டென்று எழுந்து ஆபத்சகாயத்திடம் வந்தார்.

"ஐயா, இந்த அம்மா விழுவாங்களா?"

"விழுவாங்க."

"ஒருவேளை விழாம..."

"பேச்சுக்கே இடமில்லை. இந்த மாசமே விழுவாங்க."

"வண்டி?"

"சுக்குநூறு."

"ஐயோ பாவம். அப்ப நஷ்டஈடு?"

"நான் கொடுப்பேன். சொன்ன சொல் மாற மாட்டேன்." சொல்லிவிட்டு ஆபத்சகாயம் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் பாலிசி எடுத்தவர்கள்.

"நல்லதாப் போச்சு" என்றார் நல்லசிவம். "வந்தாலும் வரும், வராட்டியும் போகும்ங்கிற செலவுன்னா காத்திருக்கலாம். இது நிச்சயமா வரப்போற செலவு. அம்மா எப்படியாவது கடன் வாங்கி நூத்தைம்பது கட்டிடட்டும். நீங்க வண்டிக்கு இருநூறு, கைக்கு நூறு, காலுக்கு நூறு, இன்னைக்கே கஜானாவுல எண்ணி வெச்சிடுங்க. விழுந்த இடத்துலயே எடுத்துக் கொடுத்துடலாம்."

ஆபத்சகாயத்தின் முகத்தில் பரிவு காணாமல் போயிற்று. "அது... அவ்வளவு நிச்சயம்னு சொல்ல முடியாது."

"இப்பத்தான் பேச்சுக்கே இடமில்லைன்னீங்க. கொடுக்க மனசில்லையா?"

பின்னாலிருந்து ஒரு நெல் வியாபாரி, "நாளைக்கு நமக்கும் இப்படித்தான் கையை விரிப்பாரோ?" என்றார். சபை முழுக்கச் சலசலத்தது. ஆபத்சகாயம் அவசரமாகக் கையை அசைத்தார்.

"அதுக்கில்லைங்க. பச்சைப் பிள்ளையை ஏந்தற கை, ஹேண்டில்பாரை நழுவ விட்டுடுமா? நிதானமானவங்க. விழவே மாட்டாங்க."

"யானை?"

"நம்ம யானை எழுந்து நிக்கறதுக்கே ரொம்ப யோசிக்கும்."

"வெள்ளம்?"

"ஆத்துல பசங்க பம்பரம் விடறாங்க."

"இடி?"

"இடி விழுந்தப்புறம் வண்டி யாருக்கு?"

"அப்ப இவ்வளவு பத்திரமானவங்களுக்கு நூத்தைம்பது எதுக்கு?"

"சட்டம் இருக்கே" என்றார் ஆபத்சகாயம் மெதுவாக.

"சட்டம் என்ன கேக்குது? அம்மா வண்டி யார் மேலயாவது மோதினா, அடிபட்டவங்களுக்குக் காசு கிடைக்கணும். அதை மட்டும் எழுதுங்க. அம்மா, உங்க வண்டிக்கு அடிபட்டா?"

"பழைய வண்டிதானே. தட்டி நிமிர்த்திக்குவேன்" என்றார் அரியநாச்சி.

பேரம் பேசிப் பத்து வராகனில் முடிந்தது. அரியநாச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து அங்கேயே கட்டினார். மகாராஜா சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றி நல்லசிவத்தின் கழுத்தில் போட்டார். ஆபத்சகாயம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அரியநாச்சி அரண்மனை வாசலில் வண்டியை உதைத்தார். உறுமியது, அணைந்தது. மறுபடி உதைத்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளி வளையல் கடைப் பக்கம் பாய்ந்து, கடைசி நொடியில் தெருவுக்குத் திரும்பியது. தெரு நிறைய சந்தைக் கூட்டம்.

பார்த்துக்கொண்டிருந்த ஆபத்சகாயத்துக்குப் பகீரென்றது. இனி அந்த அம்மா விழுந்தால் அவருக்குக் கவலையில்லை. யார் மேலாவது மோதினால் பணம் அவர் கையிலிருந்துதான் போகும். வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க. யம்மா, பிள்ளையைத் தூக்கிக்க. பெரியவரே, ஓரமா வாங்க. யாருய்யா அது நடுத்தெருவுல பூசணிக்காய் விக்கிறது?"

கடைவீதி முழுக்க, கோட்டை வாசல் தாண்டி, கூட்டம் ஓய்கிற வரைக்கும் ஓடினார். மாடத்தில் நின்ற மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லசிவம், சம்பளம் வாங்கற என் கட்டியக்காரன்கூட எனக்கு முன்னால இந்த ஓட்டம் ஓடினதில்லையே."

மேட்டுப்பட்டியில் அன்று மாலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆபத்சகாயத்துக்குத்தான் இரண்டு நாள் மூச்சு வாங்கிற்று.