பந்தியில் ஒரு சொல்

சீடர்கள் ஞானம் தேடியே மடத்துக்கு வருகிறார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. பொறுப்புள்ளவர்கள் இதை உடனே திருத்த வேண்டும். பாதிப் பேர், வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனதால் வருகிறார்கள்.

பண்டிதர் மாசிலாமணி அப்படி வந்தவர். மைத்துனி வீட்டு விருந்தில், எல்லார் முன்னிலையிலும், மனைவி வடிவின் பேச்சில் இலக்கணப் பிழை திருத்தினார். அதன்பின் அவள் அவரிடம் பேசவில்லை. அவர் இராமேசுவரம் போகும் வழியிலிருந்த மடத்தில் வந்து சேர்ந்தார்.

"சுவாமி, சம்சாரத்தைத் துறந்துவிட்டேன். காவி கொடுங்கள்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கேட்பவர் யாத்திரிகர்களுக்குப் பரிமாறியபடியே தன் முடிவை ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். எவரும் மறுக்காவிட்டால் மாலையில் காவி.

"பரிமாறிவிட்டு வாரும்," என்றார் குரு.

பண்டிதர் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மறுத்தார்களா?"

"அதை யார் கவனித்தார்கள்? சம்சாரம் என்ற அந்தச் சொல் எங்கெல்லாம் போய் வாழ்ந்திருக்கிறது, சுவாமி. பாலக்காட்டுக்காரர், 'சம்சாரத்தை விட்டவர் இன்னும் ஏன் வாயை மூடவில்லை' என்கிறார். மலையாளத்தில் அது பேச்சு. மைசூர்க்காரருக்கு அது குடும்பம். 'அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள்' என்று இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். காசியிலிருந்து வந்த அம்மாள் 'சன்சார்' என்கிறாள். அங்கே அது உலகம். உலகத்தை விட்டவர் எதன்மேல் நிற்கிறார் என்று குனிந்து என் காலடியைப் பார்த்தாள்."

குரு சிரித்தார். "நம் ஊர்க்காரர் யாரும் இல்லையா?"

"மதுரைக்காரர் ஒருவர். 'சாமிக்கு வீட்ல சண்டையா' என்றார்."

"வடமொழியில்?"

"சேர்ந்து ஓடுவது. பிறவி பிறவியாக." பண்டிதர் கண்ணை மூடி அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "என்ன அழகு, சுவாமி. ஓர் ஊரில் உலகம், ஓர் ஊரில் வாய்ப்பேச்சு. வடிவு கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். காலடியைப் பார்த்த கதையை மட்டும் அவளிடம்..."

நிறுத்திக்கொண்டார்.

குரு, மடித்து வைத்திருந்த காவியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"போய்ச் சொல்லிவிட்டு வாரும். இது எங்கும் போகாது."

"அவள் என்னோடு பேசமாட்டாள், சுவாமி."

"சிரிப்பாள் என்றீரே."

பண்டிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

மறுநாள் பந்தியில் குருவே ரசம் ஊற்றினார்.