மூணாவது ஜோடியின் மெல்லிசுக் கம்பி

"என் கிட்டாரு யாருக்கும் கேக்க மாட்டேங்கு டீச்சர். சத்தத்தைக் கூட்டி வைங்க. இல்லன்னா நான் விலகிக்கிடுதேன்."

டெரன்ஸ் மச்சாடோ உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா டீச்சர் சத்தம் கலக்கும் மிக்சர் மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

டீச்சருக்கு டெரன்ஸைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைச்சல். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் 'உப்பளம்' என்ற ராக் பேண்டுக்குச் சத்தம் கலந்து கொடுப்பார். தூத்துக்குடியில் கிட்டாரைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஏதாவது ஒன்றைக் கற்றவர்கள். டெரன்ஸும் அதில் சேர்த்தி. குரு சிஷ்யனை அண்ணே என்பார். சிஷ்யன் குருவை டீச்சர் என்பார். அதில் ரெண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

"கறிவேப்பிலை ஆக்கிட்டாங்க டீச்சர் என்னை," என்றார் டெரன்ஸ்.

டீச்சர் துணியை உதறினார்.

டெரன்ஸுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்தது. உப்பளத்தில் முன்னால் நின்று வாசிக்கும் லீட் கிட்டார் ரொம்ப காலம் அவர் கையில் இருந்தது. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்று வாசிப்பார். கூட்டம் அவர் பேரைச் சொல்லிக் கத்தும். பிறகு ரூபன் வந்தான். ரூபனுக்கு விரல் பறக்கும். ஆளைப் பார்த்தால் வாழைத்தண்டு, வாசித்தால் புயல். அவன் வாசிப்பதைக் கேட்ட அன்றைக்கே டெரன்ஸ் தானாகத்தான் லீட்டை விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவருக்கு மனசு விட்டுப்போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவர் கையில் பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு என்று பேர்தானே தவிர, வேலைக்கு ஆறு ஜோடிதான். கம்பிகள் ரெண்டு ரெண்டாக ஒட்டி ஓடும். அதில் நாலு ஜோடியில், தடிமனான கம்பிக்குப் பக்கத்திலேயே அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே சொல்லும் மெல்லிசுக் கம்பி. ஒரு விரல் வைத்தால் ரெண்டும் பேசும். லீட் மாதிரி இழுத்து வளைத்து வித்தை காட்ட அது இடம் கொடுக்காது. சுரத்தை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே போக வேண்டும், பாட்டு முழுக்க, யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் நின்று.

போதாததற்குச் சுருதி சேர்க்கிற பாடு வேறு. உப்புக்காற்று பட்டால் கம்பி துருப்பிடிக்கும். மற்றவன் ஆறு மாற்றினால் இவர் பன்னிரண்டு மாற்ற வேண்டும்.

"டெரன்ஸண்ணன் பாதி நேரம் சுருதி சேக்காரு, மீதி நேரம் சுருதி சேராம வாசிக்காரு," என்று டிரம்ஸ் வாசிக்கும் கஸ்பார் ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

டெரன்ஸும் சும்மா இருக்கவில்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து அதில் கிட்டாரைச் செருகினார். ஒரு கம்பிக்கு அது ஜோர். பன்னிரண்டு கம்பிக்கு மிக்சியில் ஆணியைப் போட்டு அரைத்தது மாதிரி இருந்தது. பெட்டியை அன்றைக்கே மச்சான் வீட்டுக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். பிறகு சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் சரியில்லை என்றார். அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கிற கிடங்கு சரியில்லை, பழைய உப்புக் கிடங்கு, சுவர் சத்தத்தை உறிஞ்சுகிறது என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று கஸ்பார் அதற்கும் ஒன்று வைத்திருந்தான்.

இத்தனைக்கும் நடுவில் டெரன்ஸ் இன்னொரு காரியமும் செய்திருந்தார்.

பேண்டில் ஒவ்வொருவர் காதிலும் ஒரு சின்ன மானிட்டர் செருகியிருக்கும். அவரவருக்கு என்ன கேட்க வேண்டுமோ அதை டீச்சர் மேசையிலிருந்து அனுப்புவார். டெரன்ஸ் தன் கிட்டாரை மட்டும் அனுப்பச் சொன்னார், கூடத் தாளத்துக்கு ஒரு டிக் டிக். சுருதி சரிபார்க்கத்தான், ரெண்டு நாளைக்கு என்றார். ரெண்டு நாள் போய், மழை போய், கிறிஸ்மஸும் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டார். காதுக்குள் அவர் கிட்டார் மணிமணியாகக் கேட்டது. இவ்வளவு அருமையாக வாசிக்கிறோம், ஒருத்தனும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறானே என்ற எரிச்சல் அதனால் இன்னும் ஏறியது.

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

"அண்ணே, கரைப்பாட்டுல அல்போன்சா என்ன பாடுதா?"

டெரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அல்போன்சா அவருடைய மனைவி. உப்பளத்தின் பாடகியும் அவள்தான். கரைப்பாட்டு டெரன்ஸே எழுதி மெட்டுப் போட்டது, கல்யாணமான புதிதில், அவள் குரலுக்கென்றே. பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொன்னார்.

"ஆழம் போன தோணி ஒண்ணு கரையைத் தேடுது. கரையும் எழுந்து தண்ணிக்குள்ளே காலை வைக்குது."

"வார்த்தையைக் கேக்கலண்ணே. என்ன பாடுதா?"

"அதத்தானே சொல்லுதேன்."

"ம்," என்றார் டீச்சர். மறுநாள் ஒத்திகைக்கு வரச் சொன்னார். வந்து ஒரு தடவை வாசித்துவிட்டு அதற்கப்புறம் விலகிக்கொள்ளட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுக மைதானத்தில் கச்சேரி. அதற்கு முன்னால் இதுதான் கடைசி ஒத்திகை.

டெரன்ஸ் விறைப்பாகத்தான் வந்தார். யாரோடும் பேசவில்லை. அல்போன்சாவோடு ஒரே ஸ்கூட்டரில் வந்தவர், அவளோடும் வழியில் பேசவில்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு, மானிட்டரைக் காதில் செருகிக் கம்பியை மீட்டினார்.

காதில் ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை மீட்டினார். கஸ்பார் குச்சியைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. ரூபன் இருமுவது கேட்டது. அவர் கிட்டார் மட்டும் இல்லை. டெரன்ஸ் மேசையைப் பார்த்துக் கையை ஆட்டிக் காதைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சரும் கையை ஆட்டினார், வாசியுங்கள் என்று.

"என்னது, நானே எனக்குக் கேக்கலை," என்று டெரன்ஸ் கத்தினார். அதற்குள் கஸ்பார் ஒன்று, ரெண்டு என்று எண்ணிவிட்டான். கரைப்பாட்டு தொடங்கிவிட்டது. நின்றால் அவமானம். விரல் போன போக்கில் வாசித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குள் நடப்பது மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பயம் அடங்கியது. செய்ய வேறு வேலை இல்லாததால் காது மற்றவர்கள் பக்கம் போனது. கஸ்பார் இவ்வளவு மெதுவாகத் தட்டுவான் என்று டெரன்ஸுக்குத் தெரியாது. ரூபன் அநேக இடங்களில் வாசிக்காமல் சும்மா இருந்தான். அதுவும் அவருக்குத் தெரியாது.

பிறகு அல்போன்சா பாடினாள்.

'கரையும் எழுந்து' என்ற இடத்தில் மெட்டு மேலே ஏறும். டெரன்ஸ் அப்படித்தான் போட்டிருந்தார். பாட்டே அந்த ஒரு ஏற்றத்துக்காகத்தான். அவள் அங்கே போய் நின்றுவிட்டால் ஜனம் மூச்சை அடக்கிக்கொள்ளும்.

அல்போன்சா ஏறவில்லை. அந்த இடத்தில் கீழே இறங்கி, ஒரு சின்ன வளைவு போட்டு, நாசூக்காகக் கடந்துபோய்விட்டாள்.

தப்பாகப் பாடிவிட்டாள் என்று டெரன்ஸ் நினைத்தார்.

அதே வரி திரும்ப வந்தது. அல்போன்சா அதே மாதிரி இறங்கினாள். அதே வளைவு. கஸ்பார் அந்த இடத்தில் தட்டலைக் குறைத்து அவளுக்கு வழிவிட்டான். ரூபன் தலையைக் குனிந்துகொண்டான். அது தப்பு இல்லை. எல்லோரும் பழகி வைத்திருந்தது.

டெரன்ஸின் கை நின்றுவிட்டது.

உடனே பாட்டும் நொண்டியது. "என்னாச்சி, கூரையக் கழட்டுன மாதிரி இருக்கு," என்று கஸ்பார் குச்சியைக் கீழே வைத்தான். போன வாரம் அவன் இதைச் சொல்லியிருந்தால் டெரன்ஸ் அந்தப் பாராட்டைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். இப்போது அது அவர் மண்டையில் ஏறவில்லை.

டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று டீச்சர் மற்றவர்களை வெளியே அனுப்பினார். அல்போன்சா வெந்நீர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள்.

டெரன்ஸ் மேசைக்கு வந்தார்.

"அவ ஏன் இறங்குதா?"

"மேல போக முடியலண்ணே."

"எப்ப இருந்து?"

"மழை சமயத்துல தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சி வந்ததுல இருந்து."

ஆபரேஷனுக்கு டெரன்ஸ்தான் கூட இருந்தார். கஞ்சி ஊட்டினார், தையல் பிரிக்கக் கூட்டிக்கொண்டு போனார். குரலுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் வேளாங்கண்ணிக்குப் போய் நேர்ச்சையை முடித்தார். வீட்டில் அவள் நன்றாகத்தான் பேசினாள், நன்றாகத்தான் சண்டை போட்டாள். ஏறிப் பாடும் இடத்தில் மட்டும் குரல் பிடி கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவள் மேடையில் நிற்கும்போதெல்லாம் இவர் ஒரு கை தூரத்தில்தான் நின்றார், காதில் தன் கிட்டாரை மட்டும் கேட்டுக்கொண்டு.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு கேட்டுக்கிட்டா. அவளுக்குன்னு போட்ட மெட்டாம். அவளுக்காக நீங்களே அதைக் கீழ இறக்கிப் போட்டிருவீங்களாம். அதைப் பாக்க முடியாதாம்."

டெரன்ஸ் கிடங்கு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கிடுதேன்னும் சொல்லிட்டா," என்றார் டீச்சர். "வேற ஆளைப் பாக்கச் சொல்லியிருக்கா."

கிடங்குக்கு வெளியே கஸ்பார் ஏதோ சொல்ல அல்போன்சா சிரித்தது கேட்டது. டெரன்ஸுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டீச்சர் மேசை துடைக்கும் துணியை நீட்டினார். அது அழுக்காக இருந்தது, இருந்தாலும் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன வாசிக்கணும் டீச்சர்?"

டீச்சர் எழுந்து வந்தார். டெரன்ஸின் தோளில் தொங்கிய கிட்டாரில் மூணாவது ஜோடியைத் தேடி, 'கரையும் எழுந்து' வரும்போது அவர் வழக்கமாக விரல் வைக்கும் இடத்தில் விரலை வைத்தார். மற்றக் கையின் கட்டைவிரலால் தடிமனான கம்பியைப் பேசவிடாமல் அமுக்கினார். மெல்லிசுக் கம்பியை மட்டும் ஒரு தடவை சுண்டினார்.

அல்போன்சா போகாமல் விட்ட சுரம் கேட்டது.

டீச்சர் திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். கிட்டாரைக் காதில் போடட்டுமா என்று டீச்சர் சைகையில் கேட்டார். டெரன்ஸ் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கஸ்பார் எண்ணினான்.

டெரன்ஸ் அல்போன்சா பாடுவதை மட்டும் கேட்டார். எங்கே மூச்செடுக்கிறாள், எங்கே தயங்குகிறாள், எந்த வார்த்தையில் ஏமாற்றிக் கடக்கிறாள் என்று எல்லாம் கேட்டது. அந்த வரி முதல் தடவை வந்தது. அவள் இறங்கினாள். அவர் வழக்கம்போல் ஜோடியாகவே வாசித்துவிட்டார். கை பழக்கத்தில் போய்விட்டது. தன்னையே திட்டிக்கொண்டார்.

ரெண்டாவது தடவை வந்தது. 'கரையும்' என்று பாடிவிட்டு அவள் மூச்செடுத்தாள். அந்த மூச்சு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் டெரன்ஸ் தடிமனான கம்பியை அமுக்கிக்கொண்டு மெல்லிசுக் கம்பியை மட்டும் சுண்டினார். சரியாகச் சுண்டினாரா, சுருதி நின்றதா, சத்தம் போதுமா, எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் காதில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அல்போன்சா ஏறினாள்.

குரல் லேசாக நடுங்கியது. விழவில்லை. போய் நின்றது. கஸ்பார் தட்ட மறந்து ஒரு அடியை விட்டுவிட்டான்.

பாட்டு முடிந்தது. ரூபன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கஸ்பார் எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினான். அதுவே அதிசயம். டெரன்ஸின் கிட்டாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அல்போன்சா தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல என்கூட யாரோ பாடுனாங்க," என்றாள். "அவங்க இருந்தா, நான் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும் பாடுவேன். யாரு பாடுனது?"

ரூபன் தான் இல்லை என்றான். கஸ்பாரும் இல்லை என்று தலையாட்டினான்.

அவள் டெரன்ஸைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"எனக்குக் கேக்கலையே," என்றார் டெரன்ஸ்.