பூங்கொடிக்குப் போக மிச்ச எழுத்து

ஒத்தைக்குளத்தில் மூளைக்குக் கடை கிடையாது. பிளெக்ஸ் கடை உண்டு. அதை மூன்று பேர் நடத்தினார்கள். மாடக்கண்ணு எழுத்து வரைவான். இசக்கி பேனர் அடிப்பான். தளவாய் யோசிப்பான். அந்த மூன்றாவது வேலைதான் ஊரைப் படுத்தியது.

மாடக்கண்ணுவுக்குக் கல்யாணம் கூடியது. பெண் பூங்கொடி போனில் சொல்லிவிட்டாள்: “எல்லாக் கல்யாண பேனர்லயும் ஒரே எழுத்து, பார்த்துச் சலிச்சுப்போச்சு. நீங்க வரைஞ்ச எழுத்துல நம்ம பேர் இருக்கணும். இல்லன்னா பந்தலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்.”

மாடக்கண்ணு அப்போதே சரியென்றான். ஆசைப்பட்ட பெண்ணாயிற்றே!

மதுரையில் கம்ப்யூட்டருக்கு எழுத்துரு செய்துதரும் அமலாவைப் பிடித்தார்கள். பொறுமைசாலி, பாவம். “டேப்லெட்ல வரைஞ்சு அனுப்புங்கண்ணே. நான் எழுத்துருவா மாத்தித் தரேன், அப்புறம் கீபோர்டைத் தட்டினா உங்க எழுத்தே வரும். எல்லாம் மட்டமா நிக்கணும். சுத்தி மூச்சு விட இடம் இருக்கணும்” என்றாள்.

இசக்கி உடனே கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து, மேசைக்காலுக்கு ஓட்டுச்சில்லு முட்டுக்கொடுத்தான். குமிழி நடுவில் நின்றது. எழுத்து பழையபடி மேலும் கீழுமாகத்தான் நின்றது. தளவாய் ஜன்னலைத் திறந்து ஃபேனையும் சுழலவிட்டான்.

“ழ-வுக்குக் கனத்த உடம்பு. அதை ஜன்னல் பக்கம் வச்சு வரைலே, மூச்சு முட்டும்.”

இதையெல்லாம் சரிசெய்து எடுப்பதற்குள் அமலாவுக்குத்தான் மூச்சு முட்டியது.

“ஒவ்வொரு எழுத்தும் ஒண்ணு வரைஞ்சா போதுமாம்மா?” என்று கேட்டான் தளவாய்.

“போதும்ணே. புள்ளியும் ஒண்ணு போதும்.”

எழுத்துரு வந்துசேர்ந்தது. இசக்கி க-வைத் தட்டினான். மாடக்கண்ணு வரைந்த க, அச்சு அசலாகத் திரையில் வந்து நின்றது.

“ஏலே, நிறுத்து!” என்று அலறினான் தளவாய். “வரைஞ்சதே ஒரு க! அதை இங்க செலவழிச்சுட்டா பேனருக்கு எங்கலே போவ?”

இசக்கி பதறிப்போய் அழித்தான். க மறைந்தது.

“நல்லவேளை, பெட்டிக்குத் திரும்பிட்டு” என்றான் தளவாய்.

“இன்னும் நாலு க வரைஞ்சுருவோமா?” என்றான் மாடக்கண்ணு.

“படிச்ச பிள்ளை ஒண்ணு போதும்னு சொல்லிருக்கு. பத்தலன்னா கோளாறு நம்மகிட்டதான்.”

அப்புறம் சிக்கனம் ஆரம்பித்தது. முதலில் ‘திருமணம்’ போயிற்று. பந்தலும் மேளமும் இருக்கும்போது யாராவது கருமாதி என்றா நினைப்பார்கள்? அடுத்துப் பெண்ணின் பேர். பூங்கொடி என்று அடித்தார்கள். ஒரு எழுத்துகூட இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்று இசக்கி உருகிவிட்டான்.

மாப்பிள்ளை பேருக்கு வந்ததும் முழித்தார்கள். டி-யும் ணு-வும் தனி எழுத்தாக வரைந்திருந்ததால் ட-வும் ண-வும் தப்பின. க அவளிடம். கொ-வுக்குப் போட்ட துணைக்கால் அவளிடம். இருந்த ஒரே புள்ளியும் அவளிடம்.

“புள்ளியை மட்டுமாவது அங்கேருந்து எடுத்துருவோமா?” என்றான் இசக்கி.

“வேண்டாம்லே.” மாடக்கண்ணு அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். “அவ பேரு குறையா நின்னா என் மனசு தாங்காது. எனக்கு மிச்சம் போதும்.”

கல்யாணத்தன்று பூங்கொடி பந்தல் வாசலில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்தாள். மேலே பூங்கொடி, கொள்ளை அழகு. கீழே ‘மடணணு’ என்றிருந்தது.

“இது யாரு?”

“நான்தான். உனக்குப் போக மிச்சம்” என்றான் மாடக்கண்ணு.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பேரையே குடுத்துட்டீங்களே!” என்று சொல்லி வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தாலி ஏறியது.

மறுநாள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். மாடக்கண்ணு ‘மடணணு’ என்று கையெழுத்துப் போட்டான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். “முழுப்பேரையும் போடுப்பா.”

“மிச்ச எழுத்தெல்லாம் இவகிட்ட இருக்கு சார். ஊரறியக் குடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்கிறது?”

பூங்கொடி பெரிய மனசுக்காரி. “அதுக்கென்ன, எடுத்துக்கோங்க. நீங்க போட்டு முடிக்கிற வரைக்கும் நான் பேரில்லாம இருந்துக்கறேன்.”

“உன் பேர் என்னம்மா?” என்றார் அதிகாரி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் சாடை காட்டினாள்.

மாடக்கண்ணு எழுதிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். விரலை மடக்கிப் பார்த்தான். அவளிடம் இருந்ததோ ஒரே க, ஒரே புள்ளி. அவனுக்கு வேண்டியது இரண்டிரண்டு. மெதுவாக அதிகாரி பக்கம் குனிந்தான்.

“சார், உங்க பேர்ல க-வும் புள்ளியும் ஏதும் இருக்கா? போட்டுட்டு உடனே தந்துடறேன்.”