கொண்டலாத்தி வாங்கிக்கொண்ட இரும்பு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு வார்த்தை உண்டு. காக்கை ஊர் வம்பெல்லாம் பேசும். கௌதாரி வழி சொல்லும். கொண்டலாத்திக்கு அப்போது சிட்டுக்குருவி மாதிரி கட்டை அலகுதான். மண்ணுக்குள் புழு எங்கே நெளிகிறது என்று அதற்குத் தெரியும், எடுக்கத்தான் வழி இல்லை. அதனால் செம்பாயி என்ற களைக்காரி களை வெட்டப் போகிற காட்டுக்கெல்லாம் பின்னாலேயே போகும். அவள் கிளறிய மண்ணில் கிடைப்பதுதான் அதன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு.

அந்தக் கரிசல் காட்டில் செம்பாயி மாதிரி களை எடுக்க ஆள் இல்லை. எள்ளுச் செடியை ஒட்டி நிற்கிற கோரையைக்கூட எள்ளு அசையாமல் எடுத்துவிடுவாள். பதினாறு வருஷத்தில் ஒரு பயிரை வெட்டியதில்லை. இதை அவளே சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஆனால் நாலு விரல் அகலம் இருந்த அவளுடைய களைக்கொத்து தேய்ந்து தேய்ந்து விரல் கனத்துக்கு வந்துவிட்டது. நுனி வேறு வளைந்துவிட்டது. எல்லோரும் வரிசையாக நிரை பிடித்து முன்னே போக, அவள் மட்டும் பின்னால் கிடந்தாள்.

களைக்காரப் பெண்களுக்குத் தலைவி ராக்கி திரும்பி வந்து பார்த்தாள்.

"செம்பாயி, மழைக்கு முந்தி களை முடியணும். நாளைக்குப் புதுக் கொத்து இல்லாம வந்தா நிரையில உனக்கு இடம் இல்ல."

"பதினாறு வருசமா என் கையில இருக்கு மதினி."

"கை இருக்கு. இரும்பு எங்க இருக்கு?"

அன்றைக்குச் சாயங்காலம் செம்பாயி கொல்லரிடம் போனாள். புதுக் கொத்து செய்து கொடுக்கிற கொல்லர் பழைய இரும்பை வாங்கி உலையில் போடுவார், அதுதான் வழக்கம். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் கிடந்த உடைந்த ஏர்க்கொழுவைக் கொல்லரிடம் கொடுத்துப் புதுக் கொத்தை வாங்கிக்கொண்டாள். பழையதைக் காம்போடு கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொண்டலாத்தியின் முன்னால் வைத்தாள்.

"இந்தா, நீயே வச்சுக்க. தீயில போட முடியல."

மறுநாள் புதுக் கொத்து அவள் சொல் பேச்சுக் கேட்கவில்லை. காம்பு உள்ளங்கையைக் கொப்பளிக்க வைத்தது. உச்சிப்பொழுதில் கோரையோடு ஒரு எள்ளுச் செடியும் வந்தது. அடுத்த கொத்தில் இன்னொன்று. ராக்கி வந்து அந்த இரண்டு செடிகளையும் எடுத்துப் பார்த்தாள். அவற்றை வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செம்பாயி வேப்பமரத்துக்கு ஓடினாள்.

"என் கொத்தக் குடு."

கொண்டலாத்தி அந்தக் கொத்தோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக் களைத்துக் கிடந்தது. காம்பின் கனத்தில் அதை நகர்த்தக்கூட முடியவில்லை. "குடுத்தத வாங்க வந்துட்டியாக்கா? இந்த இரும்ப நம்பித்தான் என் குஞ்சுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றது. "ஒண்ணு கேக்கேன். நீ தேடி வந்தது இரும்பத்தானா? தொட்டுப் பாத்துச் சொல்லு."

செம்பாயி கொத்தை எடுத்தாள். கட்டை விரல் தானாகப் போய்க் காம்பில் ஒரு குழியில் உட்கார்ந்தது. பதினாறு வருஷம் அவளே அழுத்தி அழுத்தி உண்டாக்கிய குழி. இரும்பு மண்ணோடு தேய்ந்து போயிருந்தது. காம்பு அவள் கைக்குத் தக்கபடி தேய்ந்திருந்தது. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்லில் தட்டிக் காம்பைக் கழற்றினாள். தேய்ந்த இரும்பைக் கொண்டலாத்தியின் கட்டை அலகில் வைத்து அழுத்தினாள். அது பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் ஒட்டிக்கொண்டது. பறவை தலை குனிந்து மண்ணில் ஒரு கொத்துக் கொத்தியது. கொழுத்த புழு ஒன்று வந்தது.

பழைய காம்பில் புது இரும்பைப் பூட்டிக்கொண்டு செம்பாயி நிரைக்குத் திரும்பினாள். மழை இறங்கியபோது காட்டில் களை இல்லை. பழைய காம்பு கைக்கு வந்த பிறகு ஒரு எள்ளுச் செடிகூட அசையவில்லை. ராக்கி தன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் ஒதுக்கினாள். பயிரே வெட்டாதவள் என்று மட்டும் செம்பாயி அப்புறம் சொல்லிக்கொள்ளவில்லை.

கொண்டலாத்தி வளைந்த மெல்லிய அலகோடு குனிந்து குனிந்து மண்ணைக் கொத்துவது அன்றைக்குத் தொடங்கியதுதான். கரிசல் காட்டுப் பெண்கள் கொல்லரிடம் இரும்பை மட்டும் வாங்கிப் பழைய காம்பில் பூட்டிக்கொள்வதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். களை வெட்டுகிற இடத்துக்குக் கொண்டலாத்தி வந்தால் அவர்கள் விரட்டமாட்டார்கள். அதன் வாயில் இருப்பது தங்களில் ஒருத்தி தேய்த்த இரும்பு.