சங்கிலிக் காசின் அட்டை

"ஜெரோமை ஜெயிக்க என்ன வழிங்க?" என்று மருதாசலம் கேட்டார்.

"எதுல?" என்றார் குரு.

மருதாசலம் வாசல் பக்கம் பார்த்தார்.

குருவின் பெயர் ரஹீமா. வயது நாற்பது. ஒரு பழைய காசின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவார், விளக்கில் காட்டுவார், அசலா போலியா என்று சொல்லிவிடுவார். சென்னையில் காசு சேர்ப்பவர்கள் முதலில் கிண்டலுக்குத்தான் குரு என்றார்கள். கிண்டல் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. மருதாசலம் ரஹீமாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பது வருஷமாகக் குருவிடம்தான் காசு பார்க்கப் பழகுகிறார்.

எழும்பூரில் ஒரு ஹோட்டல். மாடியில் ஏலம். தொடங்க அரை மணி நேரம் இருந்தது.

அன்றைக்கு ஏலப் பட்டியலில் நாற்பத்தோராவது லாட் ஒரு அமெரிக்கச் செம்புக் காசு. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றில் அடித்தது. ஒரு பக்கம் தலைவிரி கோலமாக ஒரு பெண். மறுபக்கம் வட்டமாக ஒரு சங்கிலி, பதினைந்து வளையம். அந்த நாட்டு ஜனங்களுக்கே அந்தச் சங்கிலி பிடிக்கவில்லை. சில வாரத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு அதற்காக ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

விற்கிறவர் தூத்துக்குடி ஜெரோம் பர்னாந்து. கப்பல் ஏஜென்ட். பதினான்கு வருஷமாக அந்தக் காசு அவரிடம் இருந்தது. பதினான்கு வருஷமாக அது மருதாசலத்தின் வயிற்றிலும் இருந்தது.

"தொழில் படுத்துடுச்சு போலிருக்குதுங்க. இல்லாட்டி அந்த ஆள் இதை விப்பாரா?" என்றார் மருதாசலம். சொல்லும்போது முகத்தில் கவலை இல்லை.

"காசைப் பாத்தீங்களா?"

"காத்தாலயே வந்து பாத்துட்டனுங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"ஜெரோமை எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

மருதாசலம் கேட்லாகைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஜெரோம் வாசலில் நின்று எல்லாருக்கும் மக்ரூன் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஏலத்துக்கு வந்தாலும் தூத்துக்குடியிலிருந்து ஒரு டப்பா கொண்டுவருவார். எல்லாரும் வாங்குவார்கள், சிரிப்பார்கள், தோளில் தட்டுவார்கள். மருதாசலம் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. சர்க்கரை வியாதி என்று சொல்லிவைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

நாற்பத்தொன்று வந்தது. மும்பையிலிருந்து யாரோ போனில் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மருதாசலம் எண் அட்டையைத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. பக்கத்து ஆள், "கை வலிக்கலையா சார்?" என்று கேட்டார். போன் ஓய்ந்தது. சுத்தியல் விழுந்தது.

ஜெயித்தாயிற்று. திரும்பிப் பார்த்தார். ஜெரோம் கை தட்டிக்கொண்டிருந்தார். மனதார.

"நல்ல கைக்குத்தான் போயிருக்கு அண்ணாச்சி," என்று பக்கத்தில் வந்தார் ஜெரோம். "எனக்கும் நிம்மதி. போன மாசம் இதைவிட நல்லதா ஒண்ணு கெடைச்சிட்டு. பொம்பள முகத்துல ஒரு கீறல் கெடையாது. ரெண்டையும் வச்சு என்ன செய்ய?"

மருதாசலம் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

அவர் வாங்கினது இன்னொருத்தர் போதுமென்று வைத்ததை.

*

காசோடு ஓர் அட்டை வந்தது. உள்ளங்கை நீளம், பழுப்பேறியது. காசு யார் யார் கையில் இருந்ததோ அவர்கள் பேர் ஒன்றின்கீழ் ஒன்றாக, அவரவர் கையெழுத்தில். வாங்குகிறவர் அடியில் தன் பேரை எழுத வேண்டும். பழசைத் தொடக்கூடாது. எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் அது. ஆனால் காசு சேர்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

நான்கு அமெரிக்கப் பேர்கள். அடியில் ஐந்தாவதாக, வளைத்து வளைத்து, ஜெரோம் பர்னாந்து, தூத்துக்குடி.

மருதாசலம் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள்.

"அட, ஜெரோமோட காசு."

"இல்லீங்க, என்னோடது."

"ஆமாமா. ஜெரோம்கிட்ட இருந்ததுதானே?"

மூன்று பேர் இதையே சொன்னார்கள். நான்காவது ஆள், "அவர்கிட்ட இப்ப இருக்கிற புதுசு பாத்தீங்களா? முகம் அப்படியே இருக்கும்," என்றார். மருதாசலத்தின் மனைவி அந்த ஆளுக்கு வைத்த காபியை மருதாசலமே குடித்துவிட்டார்.

பொறாமைதான். வேறு பேர் வைக்க ஒன்றுமில்லை. காசைப் பார்க்க உட்கார்ந்தால் காசு தெரியவில்லை, அந்த வளைந்த கையெழுத்துதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தார். கத்திரிக்கோல் எடுத்தார். அட்டையின் அடியில் ஒரு விரல் அகலம் வெட்டினார். நேராகத்தான் வெட்டினார், பட்டறைக்காரர் கை. வெட்டின துண்டை மறுநாள் பட்டறை உலையில் போட்டார்.

பிறகு ஒரு புது அட்டை வாங்கி, முழு அட்டையும் நிறைய, மருதாசலம், கோயம்புத்தூர் என்று எழுதிக் காசோடு வைத்தார். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினார்.

*

அடுத்த வருஷக் காசுக் கண்காட்சி கோயம்புத்தூரிலேயே வந்தது. ஒரு கல்யாண மண்டபம். முந்தின கல்யாணத்தின் பூ அலங்காரம் மேடையில் பாதி அவிழ்க்காமல் கிடந்தது. மேடைப் படிக்குப் பக்கத்தில் குருவின் மேசை. ஒரு விளக்கு, ஒரு தராசு, ஒரு லென்ஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் போகிற எந்தக் காசும் குரு பார்த்துச் சரி என்ற பிறகுதான் போகும்.

நடுப்பெட்டியில் ஜெரோமின் புதுக்காசு ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம்.

மருதாசலம் தன் காசை மேசையில் வைத்தார். இரண்டு அட்டைகளையும் வைத்தார். சொந்த ஊர், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள், மச்சினன் செல்போனில் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

குரு காசை எடுக்கவில்லை. பழைய அட்டையை எடுத்தார். அடி ஓரத்தை விரலால் தடவினார்.

"இது புது வெட்டு."

"வாங்கும்போதே அப்படித்தானுங்க இருந்தது."

குரு அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் ஆங்கில எழுத்து, பொடிப்பொடியாக. காசின் எடை, குறிகள் என்று தொடங்கி அதோடு அறுந்திருந்தது.

"எடை எங்க?" என்றார் குரு.

மருதாசலம் குனிந்து பார்த்தார். அட்டைக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதையே அப்போதுதான் பார்த்தார்.

"முதல் ஆள் எடையையும், காசுல இருக்கிற குறியையும் எழுதி வச்சிருக்காரு," என்றார் குரு. "இந்த அட்டை இந்தக் காசோடதுதான்னு சொல்றது அந்த ரெண்டு வரிதான். சங்கிலிக் காசுல நூத்துக்கு எத்தனை போலின்னு உங்களுக்குத் தெரியும். இப்ப இது ஒரு தனி அட்டை. அது ஒரு தனிக் காசு."

"நீங்க பாத்தா அசல்னு தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியும். பெட்டியில போட எனக்குத் தெரிஞ்சா போதாது. வெட்டின அட்டையோட வந்த காசைப் பாத்து ஊரே என்ன கேக்கும்? எதை மறைக்க வெட்டினாங்கன்னு கேக்கும்."

"இப்ப என்னங்க பண்றது?"

"அந்த ரெண்டு வரியைப் படிச்சவர் ஒருத்தர் உசுரோட இருக்காரு. நடுப்பெட்டிகிட்ட நிக்கிறாரு."

மருதாசலம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அவர்கிட்டப் போய் நிக்க மாட்டனுங்க."

"சரி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வீட்டுல அது அசல்தான்."

குரு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருதாசலம் காசைச் சட்டைப் பையில் போட்டார். வாசல் வரைக்கும் போனார். மச்சினன் பின்னாலேயே வந்து, "என்னுங் மாமா, போலியாமா?" என்று கேட்டான். மெதுவாகக் கேட்பதாக நினைத்துச் சத்தமாகக் கேட்டான். நான்கு பேர் திரும்பினார்கள்.

மருதாசலம் திரும்பி நடந்தார்.

ஜெரோம் அவரைப் பார்த்ததும் டப்பாவைத் திறந்தார். "வாங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் சர்க்கரையாச்சே," என்று மறுபடி மூடப்போனார்.

"எனக்குச் சர்க்கரை கிடையாதுங்க."

"அப்படியா?"

"உங்க பேரை வெட்டிட்டனுங்க."

"எங்க?"

"அட்டையில. கத்திரிக்கோலால. பின்னால எழுதியிருந்தது தெரியாதுங்க. உலையில போட்டுட்டேன்."

ஜெரோம் டப்பாவைக் கையில் வைத்தபடியே நின்றார். அவர் முகம் சிவந்தது. மருதாசலம் அடி விழும் என்றுகூட நினைத்தார்.

"எனக்கு முன்னால எழுதியிருந்தாம்லா, ஓ'டானல்," என்றார் ஜெரோம் கடைசியில். "அவனுக்கிட்ட இந்தச் சங்கிலியில மட்டும் மூணு கெடந்திச்சு. மூணுல மட்டமானதைத்தான் எனக்குத் தள்ளிவிட்டான். அவன் பேரைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எரியும். நானும் கத்திரியை எடுத்தேன்."

"அப்புறம்?"

"எங்க வெட்டணும்னு திருப்பிப் பாத்தேன்."

இரண்டு பேரும் குருவின் மேசைக்கு வந்தார்கள். குரு காசை வாங்கித் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க ஜெரோம்."

"பதிமூணு புள்ளி ரெண்டு ரெண்டு கிராம். மூணாவது வளையத்துக்கும் நாலாவதுக்கும் ஊடால ஒரு கோடு, மயிர் கனத்துக்கு. பொம்பள தாடைக்குக் கீழ ஒரு பள்ளம், கடுகு சைஸ். ஓரத்துல ஒரு எடத்துல பச்சை பூத்திருக்கும். அதைத் தொடைச்சிராதீங்க."

கேட்டுக்கொண்டிருந்த மருதாசலத்துக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை வேறு இடத்தில். காசு ஒரு வருஷமாக அவர் வீட்டில் இருக்கிறது. அந்தப் பள்ளம் அவருக்குத் தெரியாது.

குரு கையைத் திறந்தார். தராசில் வைத்தார். பதிமூன்று புள்ளி இரண்டு இரண்டு. லென்ஸை மருதாசலத்திடம் நீட்டினார். மருதாசலம் பார்த்தார். கோடு இருந்தது. பள்ளம் இருந்தது. பச்சை இருந்தது. லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர்கள் இருமினார்கள்.

"எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்," என்றார் ஜெரோம். வாங்கி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நடுப்பெட்டிப் பக்கம் தலையை ஆட்டினார். "அது நல்ல காசுதான். ஆனா அதோட எனக்கு இன்னும் பழக்கமே வரல."

திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மருதாசலம் அதைப் பார்த்தார்.

குரு பழைய அட்டையைக் காசோடு வைத்தார். மருதாசலம் பேர் மட்டும் நிறைத்து எழுதியிருந்த அட்டையை அவரிடமே தள்ளினார். ஒரு வெற்று அட்டையை எடுத்து மேசையில் போட்டார். பின்பக்கம் எடையையும் குறிகளையும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். திருப்பினார். ஜெரோம் முன்பக்கம் எழுதினார். ஹால்ஸ்டெட். விட்காம். மிஸ் ப்ரூயின். ஓ'டானல். நான்கு பேரையும் பார்க்காமலே எழுதினார். அடியில் தன் பேர், அதே வளைசல். பேனாவை நீட்டினார்.

மருதாசலம் பேனாவை வாங்கினார். ஜெரோம் பேருக்குக் கீழே கையைக் கொண்டுபோனார். முதல் எழுத்தைப் போட்டார். அது ஜெரோம் எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்தது.

"மருதாசலம் சார்," என்றார் குரு. "சின்னதா எழுதுங்க. கீழ இன்னும் ஆளுங்க எழுதணும்."